அறுபது சன்னப் பேணிகளும் ஒரு கையெழுத்தும்

மீசாலைச் சந்தி கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு வந்த பிறகுதான் என் தோளில் துவக்கு இல்லை என்பது எனக்குத் தெரிந்தது.

பின்னேரம் மூன்று மணி இருக்கும். கொடிகாமம் பக்கமிருந்து சாவகச்சேரியை நோக்கி, பெருந்தெரு ஓரமாக, யாரும் துரத்தாமலே வேகமாக நடந்துகொண்டிருந்தேன். வேலி பாய்ந்தபோது இடது காலின் செருப்பு ஓலைக் கிடுகுக்குள் சிக்கிவிட்டது. வெறுங்காலைத் தார் சுட்டது. அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. வெறுங்காலோடு இதைவிடத் தூரம் போயிருக்கிறேன். யாருக்குப் பயந்து போகிறேன் என்பது தெரியாமல் இதற்கு முன் நடந்ததில்லை.

தோட்டக் காவலுக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தில் எதையாவது எழுதித் தரும்படி தோட்டக்காரர் சங்கத்தில் கேட்டார்கள். குரங்கு எந்த நேரம் வரும், எந்த மரத்தால் இறங்கும் என்பதெல்லாம் ஒரு மாதத்தில் நீங்களே அறிந்துகொள்வீர்கள். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். ஐஸ் போடுகிற இடம், லொறி, திருநெல்வேலிச் சந்தையில் மூட்டை, உரும்பிராயில் வாழைத் தோட்டம் என்று ஒரு வேலையிலும் இரண்டு வருடம் தங்காதவன். காவலில்தான், ஒரு தோப்பு விட்டால் இன்னொரு தோப்பு என்று, கொஞ்சம் அதிகமாக நின்றேன். போன வருடம் முழங்கால் விட்டதோடு அதுவும் முடிந்தது. புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அந்த ஒரு நாளில் நான் விட்ட பிழைகளைச் சொல்கிறேன். அவற்றில் எது பெரிய பிழை என்பது எனக்கு இன்னும் சரியாக விளங்கவில்லை. உங்களில் யாருக்காவது விளங்கினால் நல்லது.

துவக்கு என்றதும் வேறு எதையும் நினைக்க வேண்டாம். காற்றுத் துப்பாக்கிதான். குரங்குக்குப் பக்கத்து ஓலையில் ஈயச் சன்னம் பட்டுச் சத்தம் கேட்டால் கூட்டம் கலைந்துவிடும். அதற்கான அனுமதிப் பத்திரம் ரீச்சரின் பெயரில் இருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதில், நாலு ஏக்கர் தென்னந்தோப்பில் தனியாக இருந்தார். அவருடைய தோப்பில்தான் நான் காவல். தோப்புக் கொட்டிலில்தான் படுக்கை. அந்தத் துவக்கை, தோப்புக்கு முன்னால் போகிற குறுகிய ஒழுங்கை ஓரத்துப் பலாமரத்தில் சாத்திவிட்டு நான் ஓடி வந்திருந்தேன். யாராவது எடுத்துக்கொண்டு போனால் அனுமதி போகும். அதைவிட, ரீச்சர் பொலிசுக்குப் போய் வரிசையில் நின்று பதில் சொல்ல வேண்டும்.

எல்லாம் ஒரு தாளில் தொடங்கியது.

டீசல் வரிசைகள் ஓய்ந்த அடுத்த வருடம் சன்னத்தின் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. ஒரு சிறிய தகரப் பேணிச் சன்னம் ஒரு தோட்டத்துக்குப் பத்து நாள் காணும். நாங்கள் சன்னம் வாங்குகிற கடைக்காரர் ஒரு நாள் ஒரு படிவத்தின் கொப்பித் தாளைத் தந்தார். சன்னம் செய்கிற கம்பனி விலைக் கழிவு தருகிறதாம். பத்துப் பேணி மூடிகளைப் படிவத்தோடு கொழும்பு ஏஜென்டுக்கு அனுப்பினால் மூன்று பேணியின் விலை திரும்பி வரும். ரீச்சர் அதை எனக்கு வாசித்துச் சொன்னார். அந்தக் கடைக்காரர் படிவத்தின் முன்பக்கத்தை மட்டும் கொப்பி எடுத்திருந்தார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. ஆகவே, எந்தத் தாள் வந்தாலும் முதலில் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெறுமையாக இருந்தால், அது உண்மையிலேயே வெறுமையானதா என்று தந்தவரிடம் கேளுங்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஏழு தோட்டங்கள், ஒவ்வொன்றிலும் இதுபோல ஒரு காற்றுத் துப்பாக்கி. கடைசித் தோட்டத்தை ராணி குத்தகைக்கு எடுத்திருந்தார். கொடிகாமம் சந்தையில் மரக்கறி விற்றுச் சேர்த்ததெல்லாம் அந்த நாற்பது மரங்களில் கிடந்தது. பனைப் பற்றைக்குள்ளிருந்து குரங்குகள் முதலில் இறங்குவது அங்கேதான். முந்திய வருடம் பிஞ்சுக் குரும்பையிலேயே பாதி போய்விட்டது. இந்த முறையும் போனால் அடுத்த தவணைக் குத்தகைக்குப் பணம் இல்லை. தோட்டத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். கழிவுப் பணத்தில் வாங்கும் சன்னம் முழுவதும் ராணியின் தோட்டத்துக்கே போகட்டும் என்று ஏழு பேரும் பேசிக்கொண்டார்கள். அது தருமம் இல்லை. அங்கே மறித்தால் மற்ற ஆறு தோட்டத்துக்கும் குரங்கு வராது.

பேசியது இலகு. மூடி சேர்க்கப் போனபோதுதான் எனக்குத் தலை சுற்றியது. முதலில் மகேசன் அண்ணையிடம் போனேன். ரீச்சரின் தோப்புக்கு அடுத்த வேலி.

"அண்ணை, பேணி மூடியள் எத்தினை கிடக்கு?"

"என்ன பேணி?"

"சன்னப் பேணி."

"எங்களிட்டை அப்பிடி ஒண்டும் இல்லைத் தம்பி."

"நான்தானே அண்ணை போன கிழமையும் வாங்கியந்து தந்தனான். இந்தப் படலையிலை வைச்சு."

"நீ தந்திருப்பாய். நாங்கள் வாங்கேல்லை."

பகிடி விடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. உள்ளேயிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது.

"கொப்பியும் பேனையுமா முத்தத்திலை வந்து நிண்டுகொண்டு சன்னக் கணக்குக் கேட்டால் மனிசர் என்னெண்டு சொல்லுறது? அதை மடிச்சு இடுப்பிலை செருகிப்போட்டு வா. தேத்தண்ணி ஊத்துறன்."

கணக்கெழுதும் கொப்பியை மடித்து வைத்தேன். தேத்தண்ணி குடித்தேன். பிறகு அதே மகேசன் அண்ணை சாதாரணமாகச் சொன்னார்: "முடிஞ்ச பேணியெல்லாம் பாழ் கிணத்துக்குள்ளை போட்டாச்சு. வேணுமெண்டால் இறங்கி எடு."

இறங்கி எடுத்தேன். மற்ற வீடுகளிலும் அதே கதைதான். ஒருவர் மலசலகூடக் குழிக்குள் போட்டிருந்தார். அவற்றை நான் கேட்கவில்லை. ஒருவர் மூடியில் இருந்த எழுத்தைக் கல்லில் தேய்த்து அழித்துவிட்டு எறிந்திருந்தார். சன்னம் என்று பெயருள்ள எதுவும், வெறும் பேணியாக இருந்தாலும், இந்தப் பக்கத்தில் ஓர் இரவு வீட்டில் தங்காது. அப்படி எறியச் சொல்லி யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. சண்டைக் காலத்தில் பழகிய கை தானாகவே எறிந்துவிடும். காசு திரும்பி வரும் என்று சொன்ன பிறகும் எறிந்தார்கள்.

ராணி மட்டும் மூடிகளைக் கழுவி, ஓட்டை போட்டு, நூலில் கோத்துக் சமைக்கிற குசினி யன்னலில் தொங்கவிட்டிருந்தார்.

ஒரு வழியாக அறுபது மூடி சேர்ந்தது. அடுத்தது பெயர். படிவத்தில் பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம், எத்தனை பேணி, என்ன தேவைக்கு, கையெழுத்து என்று இருந்தது. ஏழு பேரும் ரீச்சர் வீட்டு முற்றத்தில் கூடினார்கள். ஒருவரும் பேனையைத் தொடவில்லை.

"கனடாவிலை இருக்கிற என்ரை மச்சானின்ரை பேரைப் போடுவம்" என்றார் மகேசன் அண்ணை. "அவனை வந்து பிடிக்கட்டும் பாப்பம்."

"செத்துப்போன எங்கடை பெரியப்பாவின்ரை அட்டை கிடக்கு" என்றார் இன்னொருவர்.

ராணி எழும்பி வந்தார். "தாங்கோ, நான் வைக்கிறன். உங்களுக்கு என்ன விசரே? குரங்குச் சன்னத்துக்கு ஆர் வந்து பிடிக்கப்போறாங்கள்?"

எல்லோரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றார்கள். பிள்ளைகள் இருக்கிற பெண், பெயரை இப்படியான தாளில் போடக்கூடாது என்றார்கள். உரத்துச் சொன்னவன் நான்தான். பிறகு, வீடு வளவு இல்லாதவன், கேட்க ஆள் இல்லாதவன் என்று சொல்லி என் பெயரை எழுதினேன். அப்போது அதைப் பெரிய காரியமாக நினைத்தேன். அங்கிருந்தவர்களில் பயமில்லாமல் நின்றது ஒருவர்தான்; அவரைத்தான் நாங்கள் தடுத்தோம் என்பது எனக்கு உறைக்கவில்லை.

என் அட்டையில் இருந்த விலாசத்தில் இப்போது வீடு இல்லை. ஆகவே ரீச்சரின் விலாசத்தைப் போட்டேன்.

"உமக்கு விளங்கித்தான் கையெழுத்து வைக்கிறீரோ?" என்று ரீச்சர் கேட்டார்.

"ஓம் ரீச்சர்" என்றேன். விளங்கவில்லை.

இரண்டு மாதம் ஒரு பதிலும் வரவில்லை. ராணியின் மரங்களில் காய் பிடித்து நின்றது. கையில் இருந்த சன்னம் ஒரு பேணிக்கும் குறைவு. ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பலாமரத்தடியில் இருந்தேன். மகேசன் அண்ணை வேலிக் கிடுகை விலக்கி முகத்தை நீட்டினார்.

"தம்பி, கறுப்புக் கண்ணாடி போட்ட வான் ஒண்டு. ரெண்டு பேர். உன்ரை முழுப் பேரையும் சொல்லிக் கேக்கினம். கையிலை பேப்பர் கிடக்கு."

அவ்வளவுதான். சண்டைக் காலத்தில் அப்படியான வானில் ஏற்றப்பட்டவர்கள் திரும்பி வந்ததில்லை. எழும்பினதும் தெரியாது, துவக்கைச் சாத்தினதும் தெரியாது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றேன். பிறகு தெருவில் நின்றேன்.

மீசாலைச் சந்தியில் நின்று யோசித்தேன் என்று சொன்னால் பொய். யோசனை வரவில்லை. திரும்பிக் கொடிகாமம் பக்கம் பத்து அடி நடந்தேன். வந்தவர்கள் யார் என்று நினைத்ததும் திரும்பிச் சாவகச்சேரி பக்கம் நடந்தேன். துவக்கு நினைவு வந்தது, மறுபடி திரும்பினேன். மர நிழலில் ஓட்டோவை நிறுத்தி வைத்திருந்தவர் பொறுமை இழந்தார்.

"அண்ணை, ஒண்டில் அங்காலை போங்கோ, இல்லாட்டி இங்காலை போங்கோ. பாக்க எனக்குத் தலை சுத்துது. எங்கை போகோணும்?"

"தெரியேல்லைத் தம்பி."

"அப்ப நான் எவ்வளவெண்டு சொல்லுறது?"

அவர் சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும். பிறகு கால்கள் ரீச்சர் வீட்டுப் பக்கம் போயின. துணிந்து போனேன் என்று எழுத விருப்பம்தான். உண்மை என்னவென்றால், வந்தவர்கள் என்னை என்ன செய்வார்கள் என்பது தெரியாது. துவக்கு தொலைந்தால் ரீச்சருக்கு என்ன நடக்கும் என்பது தெரியும். தெரிந்த பயத்தின் பக்கம் போனேன். உங்களுக்கும் ஒரு நாள் அப்படி இரண்டு பக்கமும் வந்தால், கையில் ஒப்படைக்கப்பட்டது எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் போங்கள்.

வான் வாசல் படலையடியில் நின்றது. பலாமரத்தில் துவக்கு இல்லை. வீட்டுக்கு ஓடினேன். விறாந்தையில் ரீச்சர் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். எதிரே இரண்டு பேர், கையில் தேத்தண்ணி. கதவுக்குப் பின்னால் சுருட்டி நிறுத்திய பாய் ஒன்று தெரிந்தது. பாய் அவ்வளவு நேராக நிற்காது. துவக்கு அதற்குள் இருந்தது.

இருவரில் இளையவர் என்னைப் பார்த்தார். கொழும்புத் தமிழ்.

"இங்க பக்கத்திலயா இருக்கிறீங்க? ஒருத்தரைத் தேடி வந்தோம். நாங்க சன்னக் கம்பனி ஏஜென்சி ஆளுங்க. ஒரே ஆள் ஐம்பது மூடிக்கு மேல அனுப்பினா நேர்ல பார்த்து ஐடி சரிபார்க்கணும். ஃபோர்ம் பின்பக்கத்தில போட்டிருக்கே. அம்மா அப்படி யாரும் இங்க இல்லைன்றாங்க. ஒழுங்கையில நாலு வீட்டில கேட்டோம், யாருக்கும் அந்தப் பேரே தெரியாதாம்."

அவர் மடியில் ஒரு கடித உறை இருந்தது. அதைத் தட்டிக் காட்டினார். "செக் கையிலயே இருக்கு. ஒரு கையெழுத்து, ஒரு படம். அவ்வளவுதான். இன்னைக்கு முடிக்காட்டி ரத்து."

எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது, ஒன்றும் விளங்கவில்லை. பிடிக்க வந்தவர்கள் இல்லை, பணம் கொண்டு வந்தவர்கள். என் பெயரைச் சொன்னால் போதும். ரீச்சரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். ஞாயிறு தோறும் கிறிஸ்தவக் கோயிலில் வேதம் வாசிக்கிறவர். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று முப்பது வருடம் சொன்னவர். எனக்காக, அந்நியர் முகத்தைப் பார்த்து, இல்லை என்று சொல்லியிருக்கிறார். நான் இப்போது "அது நான்தான்" என்றால் அவருடைய வீட்டில், அவருடைய விறாந்தையில், அவர் பொய்க்காரி ஆவார். இல்லை என்றால் ராணியின் காய்கள் போகும். இவை இரண்டும் போதாதென்று, அந்த உறைக்குள் உண்மையில் என்ன இருக்கிறதோ என்ற பழைய பயமும் உள்ளே அசைந்தது.

"அண்ணன்? உங்க பேரு?"

"நான் தேங்காய் பிடுங்க வந்தனான்" என்றேன்.

யார் சொன்னது என்று எனக்கே தெரியவில்லை. அவர் என் ஒற்றைச் செருப்பைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். நம்பவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் நம்பாமல் என்ன செய்வார்? படிவத்தின் குறுக்கே ஏதோ எழுதினார். தேத்தண்ணிக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

வான் சத்தம் அடங்கிய பிறகு ரீச்சர் சொன்னார்.

"அந்த வானைக் கண்டவுடனை என்ரை வாய் தன்ரை பாட்டிலை சொல்லிப்போட்டுது. பிறகு அவை விசயத்தைச் சொல்லேக்கை மாத்திச் சொல்ல எனக்கு வெக்கமாக் கிடந்தது. நீர் வந்து சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

"ரீச்சர், நீங்கள் பொய் சொன்னதெண்டு ஆகிடுமெண்டு..."

"ஆகினால் என்ன? நான் பொய்தானே சொன்னனான். மன்னிப்புக் கேட்டிருப்பன். அதுக்கு ரெண்டு நிமிசம்."

எனக்கு அப்படி ஒரு வழி இருப்பது தோன்றவே இல்லை. ஒருவருடைய மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைக்கும்போது, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இதைவிடப் பெரிதாக எனக்கு எதுவும் தெரியாது.

பாயை விரித்துத் துவக்கை எடுத்தார். "நானே போய் இதைத் தூக்கிக்கொண்டு வந்தனான். வீதியாலை போறவன் கண்டிருந்தால்? இனி இதை உம்மடை கையிலை தரமாட்டன். கொட்டிலிலை படும். சாப்பாட்டுக்கு வாரும். காவல் வேண்டாம்."

அது நியாயம்.

இருட்டுவதற்கு முன் வீடு வீடாகப் போய் விஷயத்தைச் சொன்னேன். ஏச்சு வாங்கத் தயாராகப் போனேன். மகேசன் அண்ணை, "எங்கடை பேர் ஒண்டும் போகேல்லையே?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப நல்லது. கண்டறியாத கழிவு" என்றார். அவருடைய மனைவி ஒரு பப்பாசிப் பழம் தந்தார். மற்ற வீடுகளிலும் அதே நிம்மதி. காசு போன கவலை ஒருவர் முகத்திலும் இல்லை. நான் கெடுத்துவிட்டு வந்தேனா, காப்பாற்றிவிட்டு வந்தேனா என்று பப்பாசிப் பழத்தோடு ஒழுங்கையில் நின்றேன்.

ராணி பகல் முழுவதும் சந்தையில் நின்றுவிட்டு, வெறும் கூடைகளோடு அப்போதுதான் பஸ்ஸால் இறங்கி வந்தார். அந்த ஒழுங்கையில் "ஓம், அவரைத் தெரியும்" என்று சொல்லக்கூடிய ஒரே ஆள். படலையில் வைத்தே எல்லாவற்றையும் சொன்னேன். கூடையை இறக்காமலே கேட்டார்.

"அண்ணை, நீங்கள் எல்லாரும் சேந்து ஆரைக் காப்பாத்தினியள்?"

பப்பாசியை நீட்டினேன். வாங்கவில்லை.

"கடைசியா என்ன எண்டு சொன்னியள் அவைக்கு?"

"தேங்காய் பிடுங்க வந்தனான் எண்டு."

"பிடுங்கத் தெரியுமோ?"

"இருபது வயசிலை ஏறினது."

கூடைகளை இறக்கி வைத்துவிட்டு மரங்களை அண்ணாந்து பார்த்தார். எதையோ கூட்டிக் கழித்தார் போலிருந்தது.

"சன்னம் இல்லாமல் காயை மரத்திலை விட்டு வைக்கேலாது. குரங்குக்கு முதல் நான் விக்கோணும். முத்தினது, இளநீர், எல்லாத்தையும் இறக்குவம். விலை பாதிதான் வரும். வந்த மட்டும் லாபம். பிடுங்கிற ஆக்களுக்கு மரத்துக்கு மரம் குடுக்க என்னட்டை இல்லை." பிறகு என்னைப் பார்த்தார். "விடிய ஆறு மணிக்கு வாங்கோ. தேத்தண்ணியும் சோறும் தாறன். கூலி கேக்கப்படாது."

"சரி" என்றேன்.

அடுத்த நாள் காலை, மரம் ஏறுகிற இரவல் தளைநாரைக் காலில் மாட்டினேன். முதல் மரத்தில் பாதி ஏறியதும் கீழே இறங்கலாமா என்று பார்த்தேன். இறங்குவதும் அதே தூரம்தான். மேலே போனேன். பனைப் பற்றையில் குரங்குகள் வரிசையாக இருந்து பார்த்துக்கொண்டிருந்தன. முதல் குலையை வெட்டி விழுத்தியபோது சந்தை லொறி ஒழுங்கைக்குள் வந்து நின்றது. சாரதி தலையை வெளியே நீட்டி, "ஆர் மேலை? புது ஆளோ?" என்று கேட்டார்.

ராணி என் பெயரை, அப்பாவின் பெயரோடு சேர்த்து, ஒழுங்கை முழுவதும் கேட்கும்படி சொன்னார்.

நான் அடுத்த குலைக்குக் கத்தியை எடுத்தேன்.